ஏழுக்கு ஏழு

ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் பெய்து நான்காம் நாள் வெயில் அடித்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கல்லங்காட்டுப்புதூர் செல்லாண்டியம்மன் எடை மேடையில் பருத்தி ஏற்றிவந்த லாரி ஒன்று ஏறி இறங்கிய பிறகு அச்சாகி வந்த சீட்டில், மொத்த எடை, வெறும் வண்டி எடை, நிகர எடை என்று எப்போதும் வருகிற மூன்று வரிகளுக்குக் கீழே, யாரும் கேட்காமல் நான்காவதாக ஒரு வரி வந்திருந்தது. அதில் பெயரும் இல்லை, கிலோ என்ற சொல்லும் இல்லை, பத்தொன்பது என்ற எண் மட்டும் இருந்தது.

மேடையைப் பார்த்துக்கொள்கிறவள் சாந்தாமணி. நாற்பத்தாறு வயது, இருபது வருசமாக ரோட்டோரத்துக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து லாரிகளை நிறுக்கிறவள், கணவர் மகாராஷ்டிராப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர், மாதத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அச்சு எந்திரத்தில் ஈரம் இறங்கியிருக்கும் என்று துணியால் துடைத்துவிட்டு அடுத்த லாரியை ஏற்றச் சொன்னாள். அதற்கு முப்பத்தொன்று வந்தது. மத்தியானத்துக்குள் இருபத்தாறு லாரிக்கு இருபத்தாறு எண் வந்துவிட, சேலத்திலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தாள். அவர் சோதனை எடைக்கற்களை வைத்துப் பார்த்தார், இம்மியும் பிசகவில்லை. கம்பிகளைக் கழற்றிப் பூட்டினார், எல்லாம் ஒழுங்காக இருந்தது. கடைசியில் அவரே மேடையில் ஏறி நின்றபோது நாற்பத்துநாலு என்று வந்தது, அது எதற்கான நாற்பத்துநாலு என்று தெரியாமலே கொஞ்சம் பெருமையோடு சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்.

விஷயம் பிடிபட்டது எதிர்ப்பக்கத்துப் பேக்கரியில். லோடுக்குக் காத்திருக்கிற டிரைவர்கள் முன்பெல்லாம் அங்கே உட்கார்ந்து சீட்டாடினார்கள், போலீஸ் வந்து வந்து அது நின்றுபோய், இப்போது ஆளுக்கொரு கைபேசியை வைத்துக்கொண்டு செஸ் ஆடினார்கள், சில நேரம் கைபேசியை ஓரமாக வைத்துவிட்டு ஒருவரோடு ஒருவர் மோதியும் பார்த்தார்கள். முப்பத்தொன்று வந்தவன் பத்தொன்பது வந்தவனை ஒவ்வொரு தடவையும் ஜெயிக்கிறான், பத்தொன்பதும் பத்தொன்பதும் உட்கார்ந்தால் டீ ஆறி ஆடை படிந்து இரண்டாவது டீ வந்த பிறகும் ஆட்டம் முடிவதில்லை என்பதைக் கல்லாவில் இருந்தபடி கவனித்தவர் பேக்கரிக்காரர் வெள்ளியங்கிரி. "இது ஆட்ட எடைங்க, ஆளுக்குள்ள எத்தனை ஆட்டம் இருக்குதோ அதைக் காட்டுது" என்றார். யாரும் வாயைப் பிளக்கவில்லை. இத்தனை நாள் சரக்கை நிறுத்த மேடை இப்போது ஓட்டுகிறவனையும் நிறுக்கிறது, அதிலென்ன அதிசயம் என்று ஒரு டிரைவர் கேட்டார், பேச்சு டயர் பஞ்சருக்குப் போய்விட்டது.

சும்மா சொல்லக்கூடாது, அந்த ஊருக்கு அப்படி ஒரு மேடை தேவையாகத்தான் இருந்தது. கைபேசியில் செஸ் ஆடப் புதிதாகச் சேருகிறவனிடம் அந்த ஆப் என்ன சொல்லும்? உன்னைப் போலவே புதிதாக வந்த ஒருவரோடு சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லும், சேர்த்தும் விடும், எதிரில் வருகிறவனும் நேற்றுத்தான் சேர்ந்தவன் என்று பெயருக்குப் பக்கத்தில் காட்டும். அந்த நேற்று வந்தவன் ஐந்தாவது நகர்த்தலில் ராணியைத் தூக்குவான், பத்தாவதில் கதையை முடிப்பான், முடித்த கையோடு சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டுப் போவான். வருசக்கணக்காக ஆடித் தேறினவர்கள் புதுப்பெயரில் புகுந்து புதியவர்களைப் பந்தாடுகிற கூத்து அது, அதில் மாட்டிக்கொண்ட நிஜமான புதியவர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிக்கவே முடியாமல், கூட்டத்தில் கைவிட்டுப்போன பிள்ளைகள் மாதிரி அலைந்துகொண்டிருந்தார்கள்.

சாந்தாமணி அப்படி அலைந்தவர்களில் ஒருத்தி. கோயம்புத்தூர் விடுதிக்குப் போகும்போது மகள் அவள் கைபேசியில் ஏற்றிக்கொடுத்துவிட்டுப் போன ஆட்டம் அது, லாரிக்கும் லாரிக்கும் நடுவே ஆடுவாள், ஒரு வருசத்தில் முந்நூற்றுப் பதினொரு ஆட்டம் ஆடி முந்நூற்றுப் பதினொன்றும் தோற்றிருந்தாள். ஒருதடவை எதிராளிக்கு சிக்னல் போய்விட, அவள் ஜெயித்ததாக ஆப் வாழ்த்துச் சொன்னது. அதை அவள் சேர்த்துக்கொள்ளவில்லை. கோப்பை வேண்டும் என்றோ பெரிய ஆளாக வேண்டும் என்றோ அவளுக்கு ஆசை கிடையாது. தன்னைப் போன்ற ஒருவரோடு உட்கார்ந்து, நேர்மையாக ஆடி, ஒரே ஒரு ஆட்டம் ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான், ஆனால் அந்த அவ்வளவு அவளைத் தூங்கவிடாத அளவுக்குப் பெரிதாகியிருந்தது.

ஆகவே வெள்ளியங்கிரி சொன்னது ரோட்டைத் தாண்டி வந்து காதில் விழுந்ததும், ஊரில் முதல் ஆளாகக் கண்ணாடி அறையை விட்டு இறங்கி மேடையில் நின்றவள் அவள்தான். திரும்ப வந்து சீட்டைக் கிழித்துப் பார்த்தாள். ஏழு. பக்கத்தில் இன்னொரு எண் மங்கலாக அச்சாகியிருக்குமோ என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள், வெறும் ஏழுதான்.

அதற்குப் பிறகு ஊர் அந்த எண்ணைத் தனக்குள் வாங்கிக்கொண்ட வேகத்தைச் சொல்ல வேண்டும். பேக்கரியில் அன்றைய பலகாரம் எழுதுகிற கரும்பலகையில் பாதியை ஒதுக்கி, எண்ணும் அதற்கு நேரே பேர்களும் எழுதினார் வெள்ளியங்கிரி. சீட்டு இல்லாமல் ஆட்டம் இல்லை, எண் ஒன்றாக இல்லாமலும் ஆட்டம் இல்லை என்று டிரைவர்களும் கடைக்காரர்களும் சேர்ந்து ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் லாரி குறைவாக இருக்கும் நேரத்தில், பவுடர் போட்ட பெண்களும் குளித்துத் திருநீறு பூசிய ஆண்களும் வரிசையில் நின்று தங்களை நிறுத்துக்கொண்டார்கள், கூடுதலாக வரட்டும் என்று சிலர் வயிறு நிறையச் சாப்பிட்டு வந்தார்கள், சிலர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஜாதகத்தோடு சேர்த்துப் பையனின் சீட்டையும் கேட்கிற வழக்கம் கார்த்திகைக்குள் வந்துவிட்டது. ஒரே எண் உள்ள மாப்பிள்ளையும் பெண்ணும் நன்றாக இருப்பார்கள் என்று ஒரு கட்சியும், சாயங்காலம் சமையலே நடக்காது என்று ஒரு கட்சியும் கோயில் வாசலில் வாதாடின. முத்திரை வைக்க வந்த அதிகாரி சட்டப் புத்தகத்தை முழுக்கப் புரட்டி, கூடுதலாக ஒரு வரி வரக்கூடாது என்று எங்கும் எழுதவில்லை என்று கண்டு, முத்திரையை வைத்துவிட்டு, தானும் ஏறி நின்று, இருபத்தெட்டு வாங்கிக்கொண்டு போனார்.

ஆட்டமே தெரியாதவர்களுக்கு அந்த வரி வரவே வராது, ஆனால் மேடையின் மீது நடந்துபோன ஒரு வெள்ளாட்டுக்கு நாலு என்று வந்தது. ஆடு எங்கே கற்றுக்கொண்டது என்று யாரும் கேட்கவில்லை. ஆட்டுக்காரர் மட்டும் அதை விற்பதில்லை என்று முடிவு செய்து, கழுத்தில் ஒரு மணி வாங்கிக் கட்டினார்.

டியூசன் சென்டர் நடத்துகிற நடராஜன் வாத்தியார் ஏறி நின்றபோது நூற்று முப்பத்தெட்டு வந்தது, ரோட்டில் போன பஸ்ஸே நின்று பார்த்தது. சாந்தாமணிக்குத் தொழில் புத்தி; பாரத்தோடு ஒரு தடவை, வெறும் வண்டியாக ஒரு தடவை என்று இரண்டு முறை நிறுத்தால்தான் அவளுக்கு எடை எடையாகப் படும். "சார், கைபேசியை இங்க வெச்சுட்டு மறுக்கா நில்லுங்க" என்றாள். வைத்துவிட்டு நின்றார், பதினொன்று வந்தது; மீதியெல்லாம் அடுத்து எதை நகர்த்தலாம் என்று சொல்லிக்கொடுக்கிற ஆப் ஒன்றுடையது, ஊரில் அது அவர் கைபேசியில் மட்டும்தான் இருந்தது. வாத்தியாரை யாரும் கேலி செய்யவில்லை, பதினொன்றுக்கு நேரே பேரை எழுதினார்கள், அங்கே ஏற்கெனவே இருந்த முடிதிருத்துகிறவரோடும் பஞ்சர் கடைக்காரரோடும் உட்கார்ந்து தோற்றும் ஜெயித்தும் அந்த மார்கழி முழுக்க அவர் வாழ்க்கையில் முதன்முறையாகச் சந்தோஷமாக இருந்தார். அதிலிருந்து கைபேசியோடு மேடையில் ஏறக்கூடாது என்பதும் ஒரு விதியாகிவிட்டது.

இங்கேதான் சாந்தாமணியின் வயிற்றெரிச்சல் ஆரம்பிக்கிறது. தனக்குச் சமமானவரோடு ஆடுகிறவனுக்கு ஆட்டம் வளரும் என்பது பிறகுதான் எல்லோருக்கும் புரிந்தது. பதினொன்றுக்காரர்கள் பதினாலானார்கள், பத்தொன்பதுக்காரர்கள் இருபத்தைந்தைத் தொட்டார்கள், மாதத்துக்கொருமுறை வெள்ளியங்கிரி பலகையை அழித்து எழுத வேண்டியிருந்தது. ஏழுக்கு நேரே மட்டும் சாக்கட்டியே பட வேண்டியிருக்கவில்லை. ஊரில் வேறு ஏழு கிடையாது, ஆகவே அவளுக்கு ஆட்டம் கிடையாது, ஆட்டம் கிடையாததால் ஏழு எட்டு ஆவதும் கிடையாது. ஒரிசாவிலிருந்தும் ராஜஸ்தானிலிருந்தும் வந்த டிரைவர்களைக்கூட இறக்கி ஏற்றி நிறுத்துப் பார்த்தாள், குறைந்தபட்சம் ஒன்பதுதான் வந்தது. ஒரு ஒன்பதுக்காரர் முறையை மீறி இரக்கப்பட்டு ஆடினார், இருபது நகர்த்தலில் இரக்கம் தீர்ந்து அவளை முடித்துவிட்டு வண்டியை எடுத்தார்.

ஆள் இல்லையென்றால் ஆளை உண்டாக்கிக்கொள்வோம் என்று பக்கத்து வீட்டு ஜோதிமணிக்குக் கைபேசியில் ஆட்டம் சொல்லிக்கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஜோதிமணிக்குச் சீட்டில் வரி வரவில்லை, செவ்வாய்க்கிழமை ஐந்து வந்தது, வியாழக்கிழமை பன்னிரண்டு வந்தது. நடுவில் புதன்கிழமை எப்போதோ அவள் ஏழாக இருந்திருக்க வேண்டும், அன்றைக்குப் பார்த்து நெல் லாரிகள் அறுபதுக்கு மேல் வந்து சாந்தாமணி அறையை விட்டு எழுந்திருக்கவே முடியவில்லை. அந்தப் புதன்கிழமையை நினைத்து நினைத்து அவள் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

"உனக்கு ஆடுதான் அம்மிணி கிட்டத்துல இருக்குது, இன்னும் மூணு ஏறுச்சுன்னா ஜோடி சேர்ந்துரும்" என்று வெள்ளியங்கிரி சொல்லும்போது எல்லோரோடும் சேர்ந்து அவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டு அறைக்கு வந்தால் பேக்கரிப் பக்கம் திரும்பாமல் உட்காருவாள். ஊர் முழுக்க ஜோடி ஜோடியாகக் குனிந்து உட்கார்ந்திருக்க, அத்தனை ஜோடியையும் தன் கையால் சீட்டுப் போட்டுச் சேர்த்துவிட்டவள் தான் மட்டும் கண்ணாடிக்குள் தனியாக இருப்பது அவளுக்கு அநியாயமாகப் பட்டது. அநியாயம் யாருடையது என்றுதான் சொல்ல முடியவில்லை.

ஊரில் இன்னொருவருக்கும் ஜோடி இல்லை, ஆனால் அது வேறு கதை. லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிற அர்த்தநாரி அதுவரை மேடையில் ஏறவே இல்லை. "என்னை நிறுக்கறதுக்கு நான் என்ன பருத்தி மூட்டையாங்க? பத்தாவது படிக்கறப்பவே ஒன்றிய அளவுல கப்பு வாங்குனவன்" என்பார். கைபேசியில் அவரும் தோற்றுக்கொண்டுதான் இருந்தார், ஆனால் அங்கே வருகிறவர்கள் அத்தனை பேரும் திருட்டுப் பயல்கள் என்பதால் அது தோல்வியில் சேராது என்பது அவர் கட்சி. சீட்டு இல்லாததால் பேக்கரியில் அவரோடு யாரும் உட்கார முடியாது. ஆடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் "ச்சு" என்று ஒரு சத்தம் மட்டும் கொடுப்பார். அந்த "ச்சு"வுக்கு நாற்பதுக்காரர்களே நடுங்கினார்கள். குறைந்தது தொண்ணூறாவது இருக்கும் என்று ஊர் அவருக்கு ஒரு மதிப்பு போட்டு வைத்திருந்தது.

மாசி மாதம் லாரி ஸ்டிரைக் வந்தது. ரோடு வெறிச்சோடிக் கிடந்த முதல் நாள் காலை பதினொரு மணிக்கு அர்த்தநாரி தனியாக வந்து, "அம்மிணி, எனக்கும் ஒரு சீட்டுப் போடு" என்று சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறினார். சாந்தாமணி மேடையைக் காட்டுகிற கேமராத் திரையைப் பார்த்தாள். அவருடைய வலது குதிகால் மேடையின் இரும்பு விளிம்புக்கு வெளியே தரையில் ஊன்றியிருந்தது.

லாரிக்காரர்களின் அரதப்பழசான வேலை அது; பின் டயரில் ஒன்றை விளிம்புக்கு வெளியே நிறுத்திவிட்டால் எடை குறைத்துக் காட்டும், இருபது வருசத்தில் ஆயிரம் டிரைவர்களைப் பார்த்து "டயர் வெளிய நிக்குது, முன்ன எடுங்க" என்று கத்தியவள் அவள். இதுவரை மேடையில் ஏறிய ஊர்க்காரர்கள் எல்லோரும் எண்ணை ஏற்றத்தான் பார்த்தார்கள், இறக்கப் பார்த்த முதல் ஆள் இவர்தான். எண் வந்தது. ஏழு.

அவளுக்குக் கோபம் குபீரென்று வந்தது. தொண்ணூறை ஏழாக்கிக்கொண்டு வந்து நிற்கிறார், கைபேசிக்குள் ஒரு வருசம் தன்னைப் பந்தாடின கூட்டம்தான் இப்போது வேட்டி கட்டிக்கொண்டு நேரிலேயே வந்திருக்கிறது என்று நினைத்தாள். காலை எடுத்து வையுங்கள் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் நாலு மாதம் பட்டினி கிடந்தவள், எதிரில் சோறு. வாயை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். பொய் என்று தெரிந்தே அவள் கையால் போட்ட முதல் சீட்டு அது.

"அட, ஏழா? உன்ற எண்ணாட்டவே இருக்குது" என்று அர்த்தநாரி சீட்டைப் புரட்டிப் பார்த்து ஆச்சரியப்பட்டார். "அப்ப ஒரு ஆட்டம் போட்டுப் பாத்துருவமா?"

கார்த்திகையில் வாங்கி, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் வைத்திருந்த பலகையை அவள் எடுத்தாள். இருவரும் காய்களை அடுக்கினார்கள். வெள்ளை அவளுக்கு விழுந்தது. அவர் மெல்ல ஏதோ பாட்டை முனகியபடி, ஒவ்வொரு காயையும் தட்டி வைத்து நகர்த்தினார். அவள் ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டு தடவை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்த்தினாள். அரை மணி நேரத்துக்கெல்லாம் அவளிடம் இரண்டு சிப்பாய் குறைவு, ஒரு யானையும் போயிருந்தது. வேறு எங்கேயும் போக வழியில்லை என்று ஒரு குதிரையைத் தூக்கி முன்னால் வைத்தாள், வைத்துக் கையை எடுத்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, அது ராஜாவுக்குச் செக்காகவும் இருந்தது, ராணியையும் குறிபார்த்துக்கொண்டிருந்தது. அர்த்தநாரி முனகுவதை நிறுத்தினார், "ம்" என்றார், ராஜாவை நகர்த்தினார். அவள் ராணியை எடுத்தாள்.

அதற்குப் பிறகு முடிப்பதற்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று, ஏனென்றால் ஜெயிக்கிற ஆட்டத்தை எப்படி முடிப்பது என்று அவளுக்குத் தெரியாது, அந்த இடம் வரைக்கும் அவள் ஒருநாளும் வந்ததில்லை. அவருடைய மற்றக் காய்களை ஒவ்வொன்றாக எடுத்து, மிஞ்சின தனி ராஜாவைப் பலகை முழுக்க ராணியால் விரட்டினாள், அது ஓடியது, திரும்ப விரட்டினாள், ஒருவழியாக மூலையில் அடைபட்டது. செக்மேட் என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது, விரலால் மட்டும் காட்டினாள்.

அர்த்தநாரி நாற்காலியில் சாய்ந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பெருந்தன்மையாகச் சிரித்தார். "விட்டுக் குடுத்தேன் அம்மிணி. நாலு மாசமா நீயும் அந்த ஆடுமா நிக்கறதைப் பாத்து மனசு கேக்கலை. காலைக் கொஞ்சம் வெளிய வெச்சுத்தான் நின்னேன், நீயும் பாத்திருப்பே."

பார்த்திருந்தாள். தெரிந்திருந்த விஷயம்தான், ஆனால் அவர் வாயால் கேட்டபோது பொறுக்க முடியவில்லை, முந்நூற்றுப் பதினொரு தோல்விக்கும் வராத அழுகை இந்த ஜெயிப்புக்கு வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எந்திரிங்க" என்றாள். "போய் முழுக் காலையும் வெச்சு நில்லுங்க. தப்புச் சீட்டு ஒண்ணை என்ற கையால போட்டுட்டேன், அதைக் கிழிச்சுப் போட்டுட்டு சரியானதைத் தரோணும்."

"இப்ப எதுக்கு அம்மிணி அதெல்லாம்."

"நில்லுங்க."

எழுந்து போனார். போகும்போது அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். தன் தொண்ணூறு என்றைக்காவது ஊருக்குத் தெரியத்தானே வேண்டும், தானாகச் சொன்னதாகவும் இருக்காது. ரோட்டைப் பார்த்து மாட்டியிருக்கிற, மேடையில் வருகிற எண்ணைச் சிவப்பாக எரியவிடும் பெரிய பலகையைக் காட்டி, பேக்கரியில் இருந்தவர்களைக் கைதட்டிக் கூப்பிட்டார், வெள்ளியங்கிரியும் வாத்தியாரும் ஸ்டிரைக்கில் சும்மா இருந்த ஏழெட்டு டிரைவர்களும் கிளாஸோடு எழுந்து வந்து நின்றார்கள். அர்த்தநாரி மேடையின் நட்டநடுவில் போய், இரண்டு காலையும் அகட்டி ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

பலகையில் ஏழு என்று வந்தது.

காலை மாற்றி வைத்தார், ஏழு. விளிம்பிலிருந்து இன்னும் ஓரடி உள்ளே தள்ளி நின்றார், ஏழு. லேசாக ஒரு குதி குதித்துப் பார்த்தார், அப்போதும் ஏழுதான். ஆளுக்குள் இருக்கிற ஆட்டத்தை நிறுக்கிற மேடைக்குக் குதிகால் உள்ளே இருந்தால் என்ன, வெளியே இருந்தால் என்ன? வாழ்நாள் முழுக்க லாரிகளோடே கிடந்தவர்களுக்குத்தான் அப்படி ஒரு எண்ணம் வரும், அது நிறுக்கிறவளுக்கும் வந்தது, நின்றவருக்கும் வந்தது.

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. வெள்ளியங்கிரி மட்டும் ரோட்டைக் கடந்து கடைக்குள் போய்க் கரும்பலகையில் ஏழுக்கு நேரே இன்னொரு பேரை எழுதினார், மற்றவர்கள் ஸ்டிரைக் எப்போது முடியும் என்று பேசிக்கொண்டே திரும்பிப் போனார்கள்.

அர்த்தநாரி செருப்பைக்கூடப் போடாமல் அறைக்கு வந்து உட்கார்ந்தார். காய்கள் அப்படியே இருந்தன. வெட்டுப்பட்டு ஓரத்தில் கிடந்த தன் ராணியை எடுத்து, அது முன்பு நின்ற கட்டத்தில் திரும்ப வைத்துப் பார்த்தார். பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அந்தக் குதிரை வந்ததை நான் பாக்கவே இல்லை அம்மிணி."

சாந்தாமணி நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு நேரெதிரே உட்கார்ந்தாள்.

"இன்னொருக்கா சொல்லுங்க" என்றாள்.

அவர் சொன்னார்.